அண்ணனோடு ஆட வேண்டிய ஆட்டம்

என் பாசமுள்ள ஞானராஜ் அண்ணனுக்கு,

உன் தம்பி செல்வராஜ் எழுதுகிறேன். 'தாங்கள்' என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து உன்னை 'நீ' என்றுதான் சொல்லியிருக்கிறேன். இப்போது போய் மரியாதை கூட்டினால் உனக்குச் சிரிப்பு வரும்.

இந்தக் கடிதத்தைத் தாராவியில் நம் சபையார் மாதாமாதம் அச்சடிக்கும் இதழுக்குக் கொடுக்கப் போகிறேன். உன்னைத் தெரியாது என்று நான் சொன்னது நாலு பேர் முன்னால். அதைத் தனியாக உன் கல்லறையில் உட்கார்ந்து அழுது தீர்த்துக்கொள்வது நியாயமில்லை. நாலு பேர் படிக்கட்டும்.

படிப்பவர்களில் உன்னைத் தெரியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். என் அண்ணன் செம்பூரில் ஒரு கிளப்பில் பதினான்கு வருடம் மார்க்கராக இருந்தான். ஸ்நூக்கர் மேஜையின் பச்சைத் துணியை பிரஷ் போட்டு இஸ்திரி செய்வது, பந்துகளைத் துடைத்து வைப்பது, ஆட்டம் நடக்கும்போது பாயிண்டுகளைக் கூப்பிட்டுச் சொல்லிப் பலகையில் எண் காட்டும் முள்ளை நகர்த்துவது, துணை இல்லாமல் வரும் மெம்பரோடு ஆடுவது, இதெல்லாம் மார்க்கர் வேலை. அதற்குச் சம்பளம் உண்டு என்பதால் ஆட்டத்தின் கணக்கில் அவன் புரொஃபஷனல். நான் விக்ரோலி ஆலையில் ஸ்டோர் கிளார்க். எங்கள் கேன்டீன் மாடியில் ஒரு பழைய மேஜை கிடக்கிறது. வேலை முடிந்து அதில் ஆடிப் பழகினவன் நான். ஆகவே அமெச்சூர். ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்து வளர்ந்த இரண்டு பேருக்கு எப்படியோ இரண்டு பெயர் வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் உனக்கும் மறந்திருக்காது. எங்கள் மேனேஜர் என்னைத் தன் விருந்தாளியாகச் செம்பூர் கிளப்புக்குக் கூட்டி வந்தார். அது உன் கிளப் என்று தெரிந்துதான் வந்தேன். உனக்கு அன்றைக்கு லீவாக இருக்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது ஜெபம் செய்துகொண்டே வந்தேன், அண்ணே. கதவைத் திறந்தால் நீ வெள்ளைச் சட்டையோடு பலகைக்குப் பக்கத்தில் நிற்கிறாய்.

உன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, என் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்ததும் நின்றுபோனது. மேனேஜர் அதைக் கவனித்துவிட்டார். "யே மார்க்கர் தும்ஹாரா ஆத்மி ஹை க்யா?" என்று கேட்டார். உன் ஆளா என்றுதான் கேட்டார். வேறு ஒன்றும் இல்லை. சாதாரணமாகக் கேட்டார்.

"நஹி சாப்," என்றேன்.

அன்று நான் முப்பத்தொரு பாயிண்டு சேர்ந்தாற்போல் எடுத்தேன். ஒவ்வொன்றையும் நீதான் கூப்பிட்டாய். குரலில் ஒரு பிசிறும் இல்லை. நடுவில் வெள்ளைப் பந்தைத் துடைத்து என் கையில் தந்து, "யுவர் ஷாட், சாப்," என்றாய். என்னைப் பார்த்து நீ 'சாப்' என்றாய். பந்து வழவழவென்று குளிர்ந்து இருந்தது. அதை வாங்கினேன்.

அதன் பிறகு எட்டு மாதம் உன் வீட்டுப் பக்கம் நான் வரவில்லை. நீ கோபித்துக்கொண்டாய் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். நீயா கோபித்துக்கொண்டாய்? உன் முகத்தில் விழிக்க எனக்குத்தான் தைரியம் இல்லை.

பிறகு மாட்டுங்கா கிளப்பில் அந்தப் போட்டியை அறிவித்தார்கள். மெம்பர்களும் மார்க்கர்களும் ஒரே பட்டியலில் ஆடுவது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. புரொஃபஷனலோடு ஆடும் அமெச்சூருக்குத் தொடக்கத்திலேயே பதினைந்து பாயிண்டு சலுகை. கடைசி எட்டுப் பேருக்குள் வந்தால் கம்பெனி டீமில் சேர்த்து, மேல் கிரேடுக்கும் சிபாரிசு எழுதுகிறேன் என்று மேனேஜர் என்னிடம் சொல்லியிருந்தார். சீட்டுப் போட்டு ஜோடி சேர்த்த பட்டியல் வந்தது. ஏ. செல்வராஜ், அமெச்சூர். அதற்கு எதிரே ஏ. ஞானராஜ், புரொஃபஷனல். அப்பா பெயரின் முதல் எழுத்து ஒன்றாக இருப்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. அவர்களுக்கு இரண்டும் மதராஸிப் பெயர், அவ்வளவுதான்.

மறுநாளே எஸ்தர் மதினி பஸ் ஏறி என் அறைக்கு வந்தார்கள். வாசலிலேயே நின்றார்கள்.

"தம்பி, உங்க அண்ணன் ஒரு சேதி சொல்லி விட்டுருக்காவ. பதினஞ்சு பாயிண்டு குடுப்பாவளாம். அதுக்கு மேல ஒரு பாயிண்டு விட்டுக் குடுக்க மாட்டாவளாம்."

"கோவமாவா சொன்னான் மதினி?"

"இல்ல, சிரிச்சிக்கிட்டுதான் சொன்னாவ. ராத்திரிச் சோத்துக்கு வரச் சொல்லவான்னு கேட்டேன். மொதல்ல ஆடி முடிக்கட்டும், பொறவு அவனே வருவான்னுட்டாவ."

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. ஆட்டம் முடிந்து கை கொடுக்கும்போது சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நாள் குறித்து வைத்துக்கொண்டு இருவரும் காத்திருந்தோம், இல்லையா?

நீ அந்த வெள்ளிக்கிழமை காலையில் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். எழுந்திருக்கவில்லை. நான் வந்தபோது உனக்குச் சட்டை போட்டிருந்தார்கள். சிவ்ரியில் உன்னை அடக்கம் செய்து ஒன்பதாம் நாள் நாம் ஆட வேண்டிய ஞாயிறு வந்தது.

நான் ஏன் போனேன் என்று மதினியும் கேட்டார்கள். நடந்ததைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன், அண்ணே. மாட்டுங்காவில் யாருக்கும் உன் சாவு தெரிந்திருக்கவில்லை. செம்பூரிலிருந்து சொல்லி அனுப்பவில்லை போலிருக்கிறது. ஆனால் படியேறி உள்ளே நுழைந்தால் எங்கள் மேனேஜர் இரண்டு ஆபீசர்களோடு முன்வரிசையில் உட்கார்ந்து எனக்குக் கையசைக்கிறார். என் அண்ணன் செத்துப்போனான் என்று சொன்னால், அண்ணனா, எந்த அண்ணன் என்று கேட்பாரே. ஒன்பது நாளுக்கு முன் உன் மேல் மண்ணைப் போட்ட கையோடு நான் அதைத்தான் யோசித்தேன்.

வெளியே மூன்று மணி வெயில். சண்டை நடந்தபோது விமானத்துக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டிய கறுப்புத் தாளை அந்த ஹாலில் இன்னும் உரிக்கவில்லை. உள்ளே ஒரே இருட்டு. எங்கள் மேஜைக்கு மேல் தொங்கும் விளக்கு மட்டும் எரிந்தது. மேஜை பளிச்சென்று தெரிந்தது. சுற்றி நிற்பவர்களுக்கு இடுப்புக்கு மேல் முகம் இல்லை.

நடுவர் பாந்த்ராவிலிருந்து வந்த வயதான கோவாக்காரர். கையில் பட்டியலோடு நின்று உன் பெயரைக் கூப்பிட்டார். "ஏ. ஞானராஜ்." ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவையாக மூன்று முறை கூப்பிடுவார்கள், வரவில்லையென்றால் எதிராளிக்கு வெற்றி. அதுதான் அங்கே விதி.

முதல் முறை கூப்பிட்டபோது பதில் இல்லை. நான் க்யூ கோலின் முனையில் சாக்கட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்ததையே தேய்த்தேன்.

அப்போது அந்த ஹாலின் மார்க்கர் ராம்தீன் இருட்டிலிருந்து பேசினார். உத்தரப்பிரதேசத்துக்காரர். உன்னோடு பல வருடப் பழக்கம். "ஆ கயா ஹை சாப்," என்றார். ஆள் வந்தாயிற்று, படிக்கட்டில் பார்த்தேன், கை கழுவப் போயிருக்கிறான் என்றார்.

ஹாலின் கோடியிலிருந்த குழாயடிக்குப் போனேன். ஆட்டத்துக்கு முன்னால் நீ கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, இடது கை விரல்களுக்கு மட்டும் பவுடர் போடுவாய். அங்கே யாரும் இல்லை. தொட்டி நனைந்திருந்தது. அதன் விளிம்பில் பவுடர் சிந்தி, அதில் நான்கு விரல் பதிந்திருந்தது. யார் கையாகவும் இருக்கலாம். அன்றைக்கு ஆட வந்த எல்லோரும் பவுடர் போட்டவர்கள்தான். இதை எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன் தெரியுமா? அந்த விரல் தடங்களுக்கு மேல் என் கையை வைத்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. வைத்துப் பார்த்திருக்க வேண்டுமோ?

திரும்பி வருவதற்குள் இரண்டாம் முறை கூப்பிட்டுவிட்டார்கள். மூன்றாம் முறை கூப்பிடும்போது நான் மேஜை ஓரத்தில் நின்றேன். "ஏ. ஞானராஜ்." பட்டியலைத் தாழ்த்திவிட்டு நடுவர் என்னிடம் திரும்பினார். ஒரே ஒரு ஷாட் அடித்து ஆட்டத்தைத் தொடங்கி வை, அப்போதுதான் வெற்றியை உனக்கு எழுத முடியும் என்றார்.

அடித்தேன். சிவப்புப் பந்துகள் கலைந்தன. ஒன்று மட்டும் தனியாக உருண்டு போய் மூலைப் பையின் வாயில் நின்றது. பாதிப் பந்து உள்ளே சாய்ந்த மாதிரி இருந்தது. வெள்ளைப் பந்து திரும்பி வந்து என் பக்கத்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

அடித்து முடித்ததும் நான் பின்னால் நகர்ந்தேன். யாரும் நகரச் சொல்லவில்லை. அடுத்தவன் ஆட வருவதற்கு இடம் விடும் பழக்கம் அது. நான் நகர்ந்ததும் மற்றவர்களும் பேச்சை நிறுத்தினார்கள். நடுவர்கூட எழுதப் போன பென்சிலைத் தூக்கியபடியே நின்றார். அத்தனை பேரும் எதற்காகக் காத்திருந்தோம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

பையின் வாயில் நின்ற சிவப்பு விழுந்தது.

எந்தப் பந்தும் அதைத் தொடவில்லை. இப்படி நடப்பது உண்டு. தொடாமல் விழுந்த பந்தை எடுத்துப் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நடுவர் குனிந்து எடுத்து வைத்தார். கையை எடுத்தார். பந்து நின்றது. மூச்சு விடும் நேரம் நின்றுவிட்டு மறுபடியும் விழுந்தது.

அவர் மறுபடி எடுத்து வைத்தார். பந்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "இந்த ஞானராஜ் யார்? யாருக்காவது தெரியுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

முன்வரிசையில் எங்கள் மேனேஜர் இருந்தார். முகம் தெரியவில்லை, விளக்கு வெளிச்சம் அவர் ஷூவின் மேல் விழுந்திருந்தது. அதைப் பார்த்தபடிதான் சொன்னேன். "மேரா படா பாய் ஹை சாப். ஸகா பாய்." என் அண்ணன், கூடப் பிறந்தவன் என்றேன். "அவன் வர மாட்டான். இறந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது."

ஹாலில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. ராம்தீன் வெளிச்சத்துக்குள் வந்தார். "நஹி பாபு. அபி தேக்கா. ஹாத் மிலாயா," என்றார். இப்போதுதான் பார்த்தேன், கைகூடக் கொடுத்தேன் என்கிறார். சொல்லிவிட்டுத் தன் வலது கையை விரித்துப் பார்த்தார். பிறகு அதைத் தன் சட்டையில் துடைத்தார். நான் அங்கிருந்து கிளம்பும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

சிவப்புப் பந்து மூன்றாம் தடவை விழவில்லை.

நடுவர் என் தோளில் கை வைத்து, வெற்றியை உனக்கு எழுதுகிறேன், வீட்டுக்குப் போ, அடுத்த வாரம் வந்து ஆடு என்றார். நான் வேண்டாம் என்றேன். அவனுக்கு எதிராக எனக்கு ஒரு வெற்றி வேண்டாம், நான் தோற்றதாக எழுதுங்கள் என்று கேட்டேன்.

"இறந்தவன் ஜெயித்தான் என்று எப்படி எழுதுவேன்?" என்றார். "நீ எடுத்துக்கொள்ளாவிட்டால் இரண்டு பெயரையும் அடிக்க வேண்டும்."

"அடிச்சிருங்க," என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. ஸ்கேல் வைத்து இரண்டு பெயருக்கும் குறுக்கே ஒரே கோடாக இழுத்தார்.

அங்கிருந்து நேரே தாராவியில் உன் வீட்டுக்கு நடந்தேன். மதினி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டுங்காவில் நடந்ததற்கு முன்னால் செம்பூரில் நடந்ததைச் சொன்னேன். உன்னைத் தெரியாது என்று சொன்னதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மதினி அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டார்கள். பிறகு, "அன்னைக்கு வந்து அவிய சொன்னது வேற," என்றார்கள்.

"என்ன சொன்னான்?"

"செல்வராசு கிளப்புக்கு வந்திருந்தான் எஸ்தரு, பெரிய பெரிய ஆபீசர்மாரோட. முப்பத்தொண்ணு எடுத்தான், நான் பக்கத்துல நின்னு எண்ணுனேன்னாவ. அன்னைக்கு ரெண்டு தடவ சோறு வாங்கிச் சாப்பிட்டாவ."

அவ்வளவுதானா மதினி என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றார்கள். நான் 'நஹி' என்று சொன்னதை நீ வீட்டுக்குள் கொண்டுபோகவே இல்லை. எட்டு மாதமும் அதை எங்கே வைத்திருந்தாய், அண்ணே?

நான் எழுந்தபோது மதினி ஒன்று கேட்டார்கள். "மூணாவது தடவ கூப்பிட்டாவன்னியளே, அப்ப மணி என்ன இருக்கும்?"

"மூணே கால் இருக்கும்."

மதினி அடுப்பைப் பார்த்தபடி தலையை ஆட்டிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் இந்த வீட்டிலும் ஏதோ நடந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. எதற்குக் கேட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. இன்றுவரை அப்படியே இருக்கிறது.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். செம்பூரில் பந்து துடைத்துத் தந்தவனா உன் அண்ணன் என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். அவர் திட்டவில்லை. "அன்றைக்கே கேட்டேனே," என்றார். வேறொன்றும் சொல்லாமல் பைலைத் திறந்துகொண்டார். கம்பெனி டீம் பட்டியல் ஒட்டினார்கள். அதில் என் பெயர் இல்லை. மேல் கிரேடும் இல்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது. ஆனால் தூக்கம் வருகிறது.

இனி உனக்குத் தெரியாத சங்கதி. உன் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று செம்பூர் கிளப்பிலிருந்து மதினியிடம் ஆள் விட்டார்கள். சனி மத்தியானமும் ஞாயிறும் நான் வருகிறேன் என்று போய்ச் சொன்னேன். ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடும்போது செக்ரட்டரி பேனாவைப் பிடித்துக்கொண்டார். "யோசித்துக்கொள். சம்பளம் வாங்கிவிட்டால் நீ அமெச்சூர் இல்லை. அந்தப் பக்கம் திரும்பிப் போக முடியாது," என்றார். தெரியும் சார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். முதல் நாள் ஒரு மெம்பருக்கு வெள்ளைப் பந்தைத் துடைத்துக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டார். பதினான்கு வருடம் உனக்கு இப்படித்தான் இருந்திருக்குமா?

போன சனிக்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பகல் நேரம். இரண்டு மெம்பர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கறுப்புப் பந்தைப் பையில் போட்டார். நான் புதியவன், கூட்டலில் மெதுவானவன். பதினைந்தும் ஏழும் என்று மனதுக்குள் கூட்டிக்கொண்டிருக்கும்போதே, "ட்வென்டி டூ," என்று கூப்பிட்ட குரல் ஹாலில் தெளிவாகக் கேட்டது.

நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் தலைகூட நிமிராமல் ஆடிக்கொண்டே போனார்கள். அடுத்த பாயிண்டும் அப்படித்தான் வந்தது. அதற்கடுத்ததும். ஆட்டம் முடிந்து க்யூவைத் திருப்பித் தரும்போது ஒருவர், இன்றைக்கு நன்றாகக் கூப்பிட்டாய், உன் குரல் பழைய மார்க்கர் குரல் மாதிரியே இருக்கிறது என்றார். தாங்க்யூ சார் என்றேன்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை, அண்ணே. பயமாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பிப் பார்த்து, அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

ஆகவே உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சனி, ஞாயிறு நான் தவற மாட்டேன். மழையானாலும் ரயில் நின்றாலும் விக்ரோலியிலிருந்து நடந்தாவது வந்துவிடுவேன். உனக்கு இஷ்டம் இருக்கும்வரை நீ கூப்பிடு. நான் பக்கத்தில் நின்று முள்ளை நகர்த்துகிறேன்.

உன் கூடப் பிறந்த தம்பி,
செல்வராஜ்,
மார்க்கர், செம்பூர்.